வௌவாலின் கண்ணும் வாத்தின் எதிரொலியும்

"வௌவாலுக்குக் கண் தெரியாது, அது எதிரொலியைக் கேட்டுத்தான் பறக்கிறது." இந்த வாக்கியத்தின் முதல் பாதி ஊர்ப்பேச்சு, இரண்டாம் பாதி பள்ளிப் பாடம். ஊரும் பள்ளியும் ஒத்துப்போவது அரிது என்பதாலோ என்னவோ, ஒத்துப்போன இந்த ஒன்றை எவரும் சந்தேகப்படுவதில்லை. ராஜபாளையத்து மாந்தோப்பில் இரவுக் காவல் இருப்பவரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் தேர்வு எழுதும் மாணவரும் இதை ஒரே உறுதியோடு சொல்வார்கள். ஆனால் வாக்கியத்தைப் பிரித்து எடுத்தால் மூன்று பிழைகள் கிடைக்கின்றன. வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது முழுப் பிழை. வௌவால் இனம் மொத்தமும் எதிரொலியால் வழி அறிகிறது என்பது பாதிப் பிழை. கண் இல்லாததால்தான் காதை நம்பியது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டது மூன்றாவது பிழை; மூன்றிலும் பெரியது அதுதான். ஒரு விலங்கு எந்தப் புலனைப் பயன்படுத்துகிறது என்பதை அதன் குறை தீர்மானிப்பதில்லை, அது செய்ய வேண்டிய வேலை தீர்மானிக்கிறது. இதற்கான சான்றுகளில் முக்கியமான சில தென் தமிழ்நாட்டிலேயே கிடைத்தவை.

முதலில் கண். வத்திராயிருப்பை அடுத்த சுந்தரபாண்டியத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடர், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1948இல் அந்த மேகமலைப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டத்துரை ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ஊர்ப்புறங்களில் சாதாரணமாகக் காணப்படும் குட்டை மூக்குப் பழந்தின்னி என்று பெயரெழுதி அதை உள்ளே வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அந்த மாதிரியை எடுத்துப் பல்லையும் மண்டையோட்டையும் ஆராய்ந்து, அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று 1972இல் அறிவித்தார். சலீம் அலி பழந்தின்னி வௌவால் என்று அதற்குப் பெயர். அந்தப் பேரினத்தில் வேறு இனமே கிடையாது. இதுவும், ஆலமரத்திலும் அரசமரத்திலும் கறுப்புத் துணி காயப்போட்டதுபோல் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னியும், வாழைத் தோட்டத்துக்குள் வந்துபோகும் குட்டை மூக்குப் பழந்தின்னியும் தொண்டையிலிருந்து மீயொலி எழுப்பி எதிரொலி கேட்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அந்த வித்தையே அவற்றிடம் இல்லை. அவற்றின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் நரிமுகம் தெரியும். அதில் முன்னோக்கிப் பதிந்த இரண்டு பெரிய கண்கள், மங்கிய வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் அகன்ற பாவை. பெரிய பழந்தின்னி இரவில் பல கிலோமீட்டர் பறந்து காய்த்த மரத்தைத் தேடிப் போவது கண்ணாலும், கிட்ட வந்தபின் பழுத்ததைத் தெரிந்தெடுப்பது மூக்காலும். உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ 200 இனங்கள் இந்தப் பழந்தின்னிக் குடும்பம். ஆக, எதிரொலிப் பாடத்தை 'எல்லா வௌவாலும்' என்று தொடங்கும் ஒவ்வொரு முறையும், ஏழில் ஒரு பங்கு வௌவால்களைப் பற்றி நாம் தவறாகவே சொல்கிறோம்.

கண் தெரியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஊர்ப்பேச்சின் காரணம் எளிது. இருட்டில் மட்டும் வெளியே வருவதைப் பகலில் குருடு என்று நினைப்பது மனித இயல்பு. ஆந்தைக்கும் அதே பழி உண்டு. வௌவாலின் வீட்டுக்கு விருந்து போனால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்று பழமொழி சொன்னவர்கள் அது தொங்குவதை ஒழுங்காகக் கவனித்தவர்கள்தாம். கவனித்ததில் குறை இல்லை, அதிலிருந்து ஊகித்ததில்தான் குறை. உண்மையில் பெரிய பழந்தின்னிகள் தொங்கும் மரத்தில் பகல் முழுதும் தூங்கி வழிவதில்லை. சிறகால் விசிறிக்கொள்கின்றன, ஒன்றோடொன்று சண்டையிடுகின்றன, மரத்தடியில் ஆள் வந்தால் தலையைத் திருப்பிப் பார்க்கின்றன. ஐரோப்பாவில் இந்த எண்ணத்துக்கு வேறொரு கிளை உண்டு. அது அறிவியலிலிருந்தே முளைத்தது என்பதுதான் வேடிக்கை. 1793இல் இத்தாலியப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான லாசரோ ஸ்பல்லன்சானி, வளர்த்த ஆந்தை ஒன்று முழு இருட்டில் சுவரில் மோதுவதையும் வௌவால்கள் மோதாததையும் கண்டார். வௌவால்களின் கண்ணைக் கெடுத்துப் பறக்கவிட்டார். அப்போதும் அவை மோதவில்லை. இதைக் கேள்விப்பட்ட ஜெனீவாவின் லூயி ஷூரீன் அடுத்த ஆண்டே அவற்றின் காதை அடைத்துப் பார்த்தார், மோதி விழுந்தன. ஆனால் காதால் எப்படி வழி தெரியும் என்பதை இருவராலும் விளக்க முடியவில்லை. மனிதக் காதுக்கு எந்த ஓசையும் எட்டாததால் பாரிஸின் பெரும்புலவர் குவியே, எல்லாம் சிறகின் தொடு உணர்ச்சி என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 1920இல் இங்கிலாந்தின் ஹார்ட்ரிட்ஜ் உயர் அதிர்வெண் ஒலியாக இருக்கலாம் என்று ஊகித்தார். 1938இல் ஹார்வர்டில் மாணவராயிருந்த டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் கட்டிய மீயொலிக் கருவியின் முன் வௌவாலைக் கொண்டுபோன பிறகுதான், அது இத்தனை நாளும் கத்திக்கொண்டே பறந்தது தெரியவந்தது. காதை அடைத்தாலும் வாயைக் கட்டினாலும் தடுமாறுகிறது என்பதை அவரும் உடன் ஆய்ந்த கலாம்போஸும் 1940களின் தொடக்கத்தில் உறுதிசெய்தார்கள். 1944இல் கிரிஃபின் அதற்கு எதிரொலி இடமறிதல் என்று பெயரிட்டார். இந்த வரலாறு முழுவதிலும் நிறுவப்பட்டது ஒன்றே: சிறிய அறையில், இருட்டில், தடையை விலக்க வௌவாலுக்குக் கண் தேவைப்படவில்லை. 'தேவைப்படவில்லை' என்பது வாய்மாறி வாய்மாறி 'இல்லை' ஆகிவிட்டது.

இதே வழுக்கல் எதிரொலியைப் பற்றிய இன்னொரு நம்பிக்கையிலும் நடந்திருக்கிறது. வாத்தின் குரல் எதிரொலிக்காது, ஏன் என்று எவருக்கும் தெரியாது என்ற செய்தி 'அறிந்துகொள்வோம்' வகைத் துணுக்குகளில் உலகெங்கும் சுற்றியது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஒலியியலாளர் டிரெவர் காக்ஸ் 2003இல் டெய்சி என்ற வாத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து இதைச் சோதித்தார். எதிரொலியே எழாத அறையில் ஒரு முறை, ஓசை முழங்கி நிற்கும் அறையில் ஒரு முறை அதைக் கத்தவிட்டுப் பதிவுசெய்தார். வாத்தின் குரலும் மற்ற எல்லா ஓசையையும் போலவே எதிரொலித்தது. பின் மக்கள் காதில் அது ஏன் விழவில்லை? ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கண்மாயை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். மூல ஓசையும் திரும்பி வந்த ஓசையும் பத்தில் ஒரு விநாடியாவது தள்ளி வந்தால்தான் காது இரண்டையும் பிரித்துக் கேட்கும். அதற்குப் பாறையோ சுவரோ குறைந்தது 17 மீட்டர் தள்ளி எதிரே நிற்க வேண்டும். அறுப்பு முடிந்த வயலில் மேயும் வாத்துக்கும், கண்மாய்த் தண்ணீரில் மிதக்கும் வாத்துக்கும் எதிரே அப்படி எதுவும் நிற்பதில்லை. கரை சரிவாக இருக்கிறது, அதில் பட்ட ஒலி மேலே போய்விடுகிறது. அது போக, வாத்தின் குரல் கைதட்டலைப்போல் வெட்டென்று நிற்பதில்லை. இழுத்துத் தேய்ந்து அடங்குகிறது. தேயும் வாலும் மெலிந்து திரும்பும் எதிரொலியும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடுகின்றன. ஆக எதிரொலி இருக்கிறது, நம் காது அதைப் பிரிக்கவில்லை. வாத்தின் விஷயத்தில் நமக்குக் கேட்காததை 'இல்லை' என்றோம். வௌவாலின் விஷயத்தில் அதற்கு ஓரிடத்தில் தேவைப்படாததை 'இல்லை' என்றோம். குறை இருந்த இடம் நம் பக்கம், பழி விழுந்தது விலங்கின் மேல்.

வாத்துக் கணக்கை வைத்துக்கொண்டு வௌவாலின் எதிரொலிக்கு வந்தால், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது தானே விளங்கும். பூச்சி தின்னும் வௌவால்கள் ஏன் நமக்குக் கேட்காத அளவுக்குக் குரலை உயர்த்துகின்றன? அலை தன் நீளத்தைவிட மிகச் சிறிய பொருளில் பட்டால் எடுப்பாகத் திரும்புவதில்லை. நம் பேச்சொலியின் எல்லைக்குள் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 35 சென்டிமீட்டர். ஒரு கொசுவை அது பொருட்படுத்தாமல் தாண்டிப்போகும். 50 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 7 மில்லிமீட்டர். கொசு அளவுப் பொருளுக்கு ஏற்ற அலை அது. ஆனால் இந்த நுட்பத்துக்கு விலை உண்டு. அதிர்வெண் ஏற ஏறக் காற்று ஒலியை விரைவாக விழுங்கிவிடும். எனவே பூச்சி ஒன்றின் எதிரொலி சில மீட்டருக்குள்தான் பயன்படும். மரம், கட்டடம் போன்ற பெரியவற்றுக்குச் சில பத்து மீட்டர். கைவிளக்கு எடுத்துக்கொண்டு வரப்பில் நடப்பவருக்குக் காலடி தெரியும், அடுத்த ஊர் தெரியாது. எதிரொலி வௌவாலின் கைவிளக்கு. குகையிலிருந்து மேய்ச்சலிடத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் போகத் தொலைவைக் காட்டும் வேறொன்று வேண்டும், பூச்சியுண்ணிகளும் அதற்குக் கண்ணைப் பயன்படுத்துகின்றன. சிறிய கண்தான், ஆனாலும் வேலைசெய்யும் கண். வானத்தின் பின்னணியில் மலைமுகட்டின் கோடும், பொழுது சாய்ந்த பின் மேற்கில் நிற்கும் வெளிச்சமும் அதற்குப் போதும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழலாம். 2024இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் குல் பிபிஸ்ட்ரெல் என்ற சிறு வௌவால்களைப் பிடித்துக் கண்ணைக் கட்டி, கூட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் எல்லைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். கண்கட்டோடும் பல வௌவால்கள் வீடு திரும்பிவிட்டன. அப்படியானால் கைவிளக்கை மட்டும் வைத்தே ஊர் போய்ச் சேரலாமே என்று கேட்கலாம். சேரலாம், பழகிய பாதையானால். ஒவ்வோர் இடத்திலும் எதிரொலி எப்படிக் கேட்கும் என்ற வரைபடத்தை அவை மனத்தில் வைத்திருக்கின்றன என்பதே ஆய்வின் முடிவு. ஆனால் அதே ஆய்வில், கண் திறந்திருந்த வௌவால்கள் இன்னும் திறமையாக வழி கண்டன. குருட்டு விலங்குக்குக் கண்கட்டை அவிழ்த்தால் ஆதாயம் எதுவும் இருக்கக் கூடாதல்லவா? மறுப்பாக வந்த சான்றே கண்ணுக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

எதிரொலியைக் கொண்ட வௌவாலும் எல்லா நேரமும் அதை நம்பி வாழ்வதில்லை என்பதற்கு மிகத் தெளிவான சான்று நமக்கு அருகிலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. எம்.கே.சந்திரசேகரன் அங்கே விலங்கு நடத்தை ஆய்வை வளர்த்தார். ஜெர்மன் விலங்கியலாளர் கெர்ஹார்ட் நாய்வைலர் குழுவினர் அங்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தின் குகைகளிலும் பழைய கட்டடங்களிலும் வாழும் பல இன வௌவால்களின் கேள்திறனை அளந்து, 1984இல் 'தென்னிந்திய வௌவால் சமூகத்தின்' செவியளவை என்று வெளியிட்டார்கள். ஒரே வானத்தில் பறந்தாலும் ஒவ்வோர் இனத்தின் காதும் வேறு வேறு என்பதை அது காட்டியது. குகைகளில் தொங்கும் ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ் என்ற வௌவால் ஏறத்தாழ 130 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் குரல் எழுப்பி, அந்த அளவுக்கென்றே காதைத் தீட்டி வைத்திருக்கிறது. பக்கத்துச் சுவரில் தொங்கும் மெகாடெர்மா லைராவின் கதை வேறு. முயல்போல் பெருத்து நடுவில் ஒட்டிய காதுகள் கொண்ட இந்த வௌவாலை ஆங்கிலத்தில் போலி இரத்தக்காட்டேரி என்பார்கள். இது இரத்தம் குடிப்பதில்லை, தவளை, எலி, பெரிய பூச்சி என்று ஊன் தின்னும். இதன் காது மனிதனுக்கும் கேட்கும் தாழ்ந்த அதிர்வெண்களில்கூட மிகக் கூர்மையானது. அது ஏன் என்பதை, அங்கே ஆய்ந்த மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பறப்பதற்கு இடமுள்ள கூண்டு. தரையில் தவளைகள். தவளை குதித்தால் வௌவால் இறங்கிக் கவ்வுகிறது. அதே தவளை அசையாமல் உட்கார்ந்திருந்தால் தலைக்கு மேல் பறந்தும் கண்டுகொள்வதில்லை. அசைவையா உணர்கிறது, ஓசையையா? செத்த தவளையை நூலில் கட்டித் தரையில் சரசரவென்று இழுத்தார்கள். வௌவால் பாய்ந்து எடுத்துக்கொண்டது. அதே செத்த தவளையைச் சத்தம் எழாதபடி நகர்த்தினார்கள். அசைந்தபோதும் வௌவால் வரவில்லை. எதிரொலியில் அசைவு தெரிந்திருக்க வேண்டும், இருந்தும் அது காத்திருந்தது இரையே எழுப்பும் சலசலப்புக்கு. சருகு மூடிய தரையில் எதிரொலி ஒவ்வொரு சருகிலிருந்தும் திரும்பி வரும். அந்தக் கூச்சலில் தவளையின் எதிரொலி காணாமல் போகும். ஆனால் சருகை மிதிப்பது ஒரு கால்தான். அங்கே பேசாமல் கேட்பதே சிறந்த வேட்டை. இதற்கும் எதிர்ச்சான்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் மியூனிக்கில் நடந்த சோதனைகளில் இதே இனம், ஓசையெழுப்பாத இரையை எதிரொலி கொண்டும் கண்டுபிடித்தது. அதனால் மதுரை முடிவு பொய்யாகிவிடவில்லை, செழுமையாகிறது. ஒரே வௌவாலிடம் எதிரொலி, இரையின் சத்தம், பார்வை என்று மூன்று கருவிகள் இருக்கின்றன; தரையின் தன்மையும் வெளிச்சமும் இரையும் பார்த்து அது மாற்றி மாற்றி எடுக்கிறது.

பழந்தின்னிகளுக்கு எதிரொலியே இல்லை என்ற என் கூற்றையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். இரண்டு விலக்குகள் இருக்கின்றன. குகையிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும் ரூசெட்டஸ் என்ற பழந்தின்னி, நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கிறது. அந்தச் சொடுக்கு மனிதக் காதுக்கே கேட்கும். இரண்டாவது, 2014இல் வெளியான ஆய்வு: குட்டை மூக்குப் பழந்தின்னியின் நெருங்கிய உறவினம் உட்பட மூன்று ஆசியப் பழந்தின்னிகள் சிறகால் மெல்லிய சொடுக்கொலி எழுப்பி, முழு இருட்டில் பெரிய பொருள்களை ஓரளவு அறிகின்றன, ஆனால் தொங்கும் கம்பிகளை விலக்க அவற்றால் முடியவில்லை. இந்த விலக்குகள் என் வாதத்துக்கே சேர்கின்றன. நாக்குச் சொடுக்கும் ரூசெட்டஸின் கண் சிறுத்துவிடவில்லை, பெரியதாகவே இருக்கிறது. வெளிச்சம் எட்டாத குகைக்குள் தங்குவதால் அதற்கு இரண்டாவது கருவி தேவைப்பட்டது, முதல் கருவியை அது தூக்கி எறியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் குகைகளில் கூடு கட்டும் இந்தியச் சிறு உழவாரன் குருவியும் அப்படியே. வெளியே பகல் முழுதும் கண்ணால் பறந்து பூச்சி பிடிக்கும். குகைக்குள் நுழைந்ததும் நமக்கும் கேட்கும்படி கடகடவென்று சொடுக்கிக்கொண்டு போகும். அதைக் குருட்டுக் குருவி என்று யாரும் சொன்னதில்லை. பகலில் பறப்பதால் அது தப்பித்தது; இரவில் பறந்த பாவத்துக்கு வௌவால் மாட்டிக்கொண்டது.

பள்ளிக் குழந்தைக்கு எளிமையாகச் சொல்வதில் என்ன கெடுதி, வௌவால் குருடு என்று நினைத்தால் யாருக்கு நட்டம் என்பது கடைசி மறுப்பு. நட்டம் உண்டு, தோப்பில் உண்டு. மாமரத்தின் மேல் மெல்லிய நைலான் வலையை இழுத்துக் கட்டும்போது, வௌவால் எதிரொலியால் அறிந்து விலகிவிடும் என்று நினைப்போம். ஆனால் தோப்புக்கு வருவது பழந்தின்னி. இருட்டில் மெல்லிய நூல் அதன் கண்ணுக்குத் தெரியாது, எதிரொலியோ அதனிடம் இல்லை. சிறகு சிக்கிச் சாகும். கண்ணுக்குத் தெரியும்படி வெள்ளையாகவும், தளர்ந்து தொங்காமல் இறுக்கமாகவும், கண் நெருங்கியதாகவும் வலை கட்டினால் பழமும் தப்பும், வௌவாலும் தப்பும். பெரிய பழந்தின்னி மின்கம்பிகளில் அடிபட்டுக் கருகித் தொங்குவதற்கும் இதே காரணம் பொருந்தும். ஒரு மீட்டருக்கு மேல் விரியும் சிறகு இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டுவிடுகிறது. சட்டமும் நெடுநாள் இந்த அலட்சியத்தில் பங்கு கொண்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, பழந்தின்னி வௌவால்களைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லை உயிரிகள் என்றது. மேகமலையின் சலீம் அலி வௌவால் மட்டும் முதல் அட்டவணைக்கு ஏறித் தப்பியது. 2022இல் நிறைவேறிய திருத்தம் அந்த ஐந்தாம் அட்டவணையையே நீக்கியது. இலுப்பைப் பூவில் மகரந்தம் மாற்றுவதும், ஆல் அத்தி விதைகளைத் தோப்பு விட்டுத் தோப்பு விதைப்பதும் இந்தத் 'தொல்லை'தான்.

ஆகவே பாடத்தை இப்படித் திருத்தலாம்: வௌவால்களுக்குக் கண் தெரியும், பூச்சி தின்பவற்றில் பெரும்பாலானவை இருட்டில் அருகில் உள்ளதை அறிய எதிரொலியையும் பயன்படுத்துகின்றன, பழந்தின்னிக் குடும்பத்தவை பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. பழைய வாக்கியத்தைவிட நீளம்தான். ஆனால் இதைப் படித்த மாணவர், மாலையில் அரசமரத்திலிருந்து கிளம்பி மலைப்பக்கம் போகும் பெரிய வௌவாலையும், தெருவிளக்கைச் சுற்றிச் சுழலும் சிறிய வௌவாலையும் பார்த்து, இரண்டும் ஒரே வழியிலா போகின்றன என்று கேட்பார். பழைய வாக்கியத்தைப் படித்தவருக்கு அந்தக் கேள்வி எழ இடமே இல்லை.